ஹூக்கு வைத்த குதிரைப் பேண்ட்

"என்ன ஃபிட்டிங்! எங்கேயாவது ஒரு சுருக்கம் இருக்கா பாருங்க!" என்று மாஸ்டரின் மனைவி சொன்னபோது மாஸ்டரின் வாயில் குண்டூசிகள் இருந்தன. இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே ஒரு பெரிய சண்டை வந்திருக்கும்.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு உருண்டையில் குத்திவிட்டுக் கேட்டார். "யாரோட ஃபிட்டிங்?"

"தங்கச்சி வீட்டுக்காரர். குதிரை மேல உக்காந்து போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்ல போட்டிருக்கார்."

போனை நீட்டினாள். நீட்டியவள் சும்மா இருக்கவில்லை. இரண்டு விரல்களை வைத்துப் படத்தை விரித்தாள். முதலில் சகலையின் தொப்பி திரையை விட்டு வெளியே போனது. பிறகு முகம் போனது. குதிரையும் போனது. கடைசியில் திரை முழுக்கச் சகலையின் தொடை மட்டும் நின்றது.

"இந்த இடத்தைப் பாருங்களேன். முட்டி மடங்கியிருக்கு, துணி ஒரு நூல் தூக்கலை."

"நான் எதுக்கு அவன் தொடையைப் பார்க்கணும்?"

"தொடையை யாரு பாக்கச் சொன்னா? தையலைப் பாருங்க."

மாஸ்டரின் வயிற்றுக்குள் யாரோ இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்துவிட்டு மறந்துபோனது மாதிரி இருந்தது.

மாஸ்டர் லேடீஸ் டெய்லர். கீழே கடை, மேலே வீடு. ஆண்டவன் அவசரத்தில் கோணல்மாணலாகப் படைத்த உடம்புகளையெல்லாம் துணியால் திருத்தி அனுப்புவதே தம் வேலை என்பது அவருடைய தாழ்மையான கருத்து. கல்யாணமான நாளிலிருந்து மனைவி உடுத்தியதெல்லாம் அவர் தைத்ததுதான். இதுவரை அவள் வாயிலிருந்து வந்த உச்சபட்சப் பாராட்டு, "ம், பரவாயில்லை. கைதான் கொஞ்சம் பிடிக்குது."

அவளுக்கும் அந்தக் கடையில் உரிமைகள் உண்டு. ஹூக்கு வைக்கலாம், ஓரம் மடித்துக் கையால் தைக்கலாம், பிசிறு நூலை வெட்டலாம். கத்தரிக்கோலும் மெஷினும் மாஸ்டரின் சாம்ராஜ்யம். "ஒரு கடையில ஒரு கத்தரிதான் பேசணும்" என்று சொல்லி, எல்லையை அவர் எப்போதோ சாக்பீஸால் கோடு போட்டுவிட்டார்.

சகலையின் முகத்தை அவள் புகழ்ந்திருந்தால் அது ஆண்டவன் தைத்தது என்று விட்டிருப்பார். குதிரையைப் புகழ்ந்திருந்தால் கூடச் சேர்ந்து புகழ்ந்திருப்பார். அவள் புகழ்ந்ததோ பேண்ட்டை. அதுவும், சந்தேகமே இல்லை, ரெடிமேட் பேண்ட்டை. ஒரு டெய்லர் பெண்டாட்டி செய்கிற காரியமா இது?

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஐயோ பாவம்! இதைப் பாரு, தொடையிலயும் உட்காருற இடத்திலயும் ஒட்டுப் போட்டிருக்கு. புதுசிலேயே கிழிஞ்சிருக்கு போல."

அதை அப்படியே குரூப்பிலும் எழுதினார். "சகலை, பேண்ட்டில் ஒட்டு தெரிகிறது. கொண்டு வந்தால் இலவசமாகச் சரி செய்து தருகிறேன்." கீழே சிரிக்கிற பொம்மை ஒன்றையும் வைத்தார்.

கொழுந்தியாளின் பதில் மின்னலாக வந்தது. "மாமா, அது ஒட்டு இல்ல. குதிரை மேல வழுக்காம இருக்க வெக்கிற தோல். குதிரை ஏறுறவங்களுக்கெல்லாம் தெரியும்."

அதற்கு இருபக்கத்துச் சொந்தமும் சேர்ந்து சிரிக்கிற பொம்மைகளை வைத்தது. மாமனார் இரண்டு தடவை வைத்தார்.

மாஸ்டர் சகலைக்குப் போன் போட்டார். சகலை இன்சூரன்ஸ்காரர். தொப்பையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னால் ஊரில் மற்றவர்கள் நடப்பார்கள். இவர் மட்டும் தொப்பையைக் குதிரை மேல் தூக்கி வைத்துக் குதிரையை நடக்க விட்டார்.

"தம்பி, போட்டோ பிரமாதம். சும்மா கேக்கறேன், அந்தப் பேண்ட் எங்க எடுத்தீங்க?"

சகலைக்கு ஏனோ புரையேறியது. "எந்தப் பேண்ட்ண்ணே?"

"குதிரை போட்டிருந்ததையா கேப்பாங்க? நீங்க போட்டிருந்தது."

"அது வந்து... தெரிஞ்சவங்க மூலமா வந்ததுண்ணே."

"ரெடிமேட்தானே?"

"ரெடிமேட்னே வெச்சுக்குங்களேன்."

'திமிரைப் பார்! கடை பேரைச் சொன்னால் நானும் போய் வாங்கிவிடுவேன் என்று பயம்' என்று மாஸ்டர் பல்லைக் கடித்தார். கடித்த வேகத்தில் குரூப்பில் இன்னொன்றையும் எழுதிவிட்டார். "வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் குதிரை ஏறுகிறேன். உடை, என் சொந்தத் தயாரிப்பு. போட்டோ வரும்."

எழுதின பிறகுதான், தாம் இதுவரை ஏறியதில் மிக உயரமானது கடையின் ஸ்டூல் என்பது நினைவுக்கு வந்தது. அழிப்பதற்குள் மாமனார் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்.

"இதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"எதுக்கா? நீ அந்தப் போட்டோவை விரிச்சு விரிச்சுப் பார்த்தியே, அதே மாதிரி என் போட்டோவையும் விரிச்சுப் பார்த்து, 'என்ன ஃபிட்டிங்'னு உன் வாயால சொல்லணும். அதுக்கு!"

அவள் ஹூக்கு வைக்க வேண்டிய ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

பேண்ட் தைத்துவிடலாம். கோட்டும் தைத்துவிடலாம். பூட்ஸைத் தைக்க முடியாது. ஆகையால் குதிரைச் சாமான் விற்கிற கடைக்கு மாஸ்டர் போனார்.

"முதல் தடவையா சார்?" என்றார் கடைக்காரர்.

"குதிரைதான் முதல் தடவை. துணிமணி விஷயம் எல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு."

கடைக்காரர் கணுக்கால் உயரத்துக்கு ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். "கத்துக்கறவங்களுக்கு இதான் சார் நல்லது. குதிகால் கொஞ்சம் தூக்கியிருக்கு பாருங்க, சேணத்துல தொங்குற அங்கவடியில கால் வெச்சா உள்ள வழுக்கிப் போகாது. அடிப்பக்கம் வழவழன்னு இருக்கும். கீழ விழுந்தா கால் மாட்டிக்காம வெளிய வந்துடும்."

'விழுந்தா' என்று ஆரம்பிக்கிற வியாபாரத்தை மாஸ்டர் ரசிக்கவில்லை. போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். "இவர் போட்டிருக்காரே, அது என்ன?"

"இது முட்டி வரைக்கும் வர்றது. பின்னாடி ஜிப்பு இருக்கும்."

"ஜிப்பு எதுக்கு?"

"போடறதுக்கும் கழட்டறதுக்கும்தான் சார்."

"ஜிப்பு பாவாடைக்கு வெக்கிறதுய்யா. ஜிப்பு இல்லாதது இருக்கா?"

"இருக்கு. அந்தக் காலத்து மாடல். இழுத்துத்தான் போடணும். ஆனா அளவு கச்சிதமா இருக்கணும்."

"அளவா? என்கிட்டயா?" மாஸ்டர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார்.

கடைக்காரர் தம் டேப்பாலும் மாஸ்டர் தம் டேப்பாலும் கெண்டைக்கால்களை அளந்தார்கள். கடைக்காரர் மறுபடி அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அளந்தார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டு காலும் உங்களோடதுதானா?"

விஷயம் இதுதான். ஆயுசு முழுக்க வலது காலாலேயே மெஷினை மிதித்தவர் மாஸ்டர். அவருடைய வலது கெண்டைக்கால் ஒரு பயில்வானுடையது. இடது கெண்டைக்கால் ஒரு கணக்கு வாத்தியாருடையது.

"வலதுக்குப் பொருந்தினா இடது தொளதொளன்னு ஆடும். இடதுக்குப் பொருந்தினா வலது ஏறாது. அதனாலதான் சொல்றேன், கணுக்கால் பூட்ஸே..."

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு குடுங்க."

"நடுவுல எடுத்தா ரெண்டுக்குமே பொருந்தாதே சார்!"

"அதைப் பஞ்சு வெச்சு நான் பார்த்துக்கறேன். உசரம் மட்டும் முக்கியம். அவருக்கு முட்டி வரைக்கும்னா எனக்கு முட்டிக்கு மேல வரணும்."

"மேல வந்தா முட்டி மடங்காது."

"என் முட்டி மடங்கினா உமக்கென்ன, மடங்காட்டி உமக்கென்ன?"

வலது கால் பூட்ஸுக்குள் போன கதையைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், ஒரு தலையணையைச் சின்ன உறைக்குள் திணித்ததுபோல் போனது. போனதும் மாஸ்டர் கண்ணாடியில் பார்த்துப் பூரித்தார். பூரித்து முடித்துக் கழற்றப் போனார். கழலவில்லை. கடைக்காரர் இழுத்தார். கல்லாவில் இருந்தவர் வந்து கடைக்காரரை இழுத்தார். சேணம் வாங்க வந்த கனத்த மனிதர் ஒருவர் கல்லாக்காரரை இழுத்தார். கடைசியில் மாஸ்டர் உட்கார்ந்திருந்த நாற்காலி வந்தது, பூட்ஸ் வரவில்லை.

"போட்டுப் பழகினா தளந்துடும் சார். இப்படியே நடந்து போங்க" என்று கடைக்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

வலது காலில் தொடைக்குப் பக்கமாக ஏறிய பூட்ஸ், இடது காலில் சொந்தச் செருப்பு, கக்கத்தில் இன்னொரு பூட்ஸ். மாஸ்டர் வீதியில் நடந்து வந்த அழகைப் பார்த்துப் பேருந்துகள் வேகத்தைக் குறைத்தன.

எதிர்க் கடையிலிருந்து மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். "என்ன மாஸ்டர், எலும்பு முறிஞ்சுடுச்சா?"

"ஃபேஷன்."

"எந்த ஆஸ்பத்திரியில போட்டாங்க?"

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸுக்குள் முதலில் பவுடரைக் கொட்டினார்கள். அசையவில்லை. எண்ணெயை விட்டார்கள். பவுடரும் எண்ணெயும் உள்ளே சந்தித்துப் பசையாகிவிட்டன. அதுவரை ஒட்டாத இடங்களிலும் பூட்ஸ் இப்போது ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, கத்தரியால ஓரமா வெட்டிடட்டுமா? பூட்ஸ் போனாப் போகுது."

"கத்தரியைத் தொடாதே!" என்று மாஸ்டர் போட்ட கூச்சலில் மருந்துக்கடைக்காரர் வலி மாத்திரையோடு மறுபடி ஓடி வந்தார்.

அன்றிலிருந்து மாஸ்டர் அந்தப் பூட்ஸோடு சாப்பிட்டார், அந்தப் பூட்ஸோடு குளித்தார், அந்தப் பூட்ஸோடு படுத்தார். புரண்டு படுக்கும்போதெல்லாம் மனைவி சுவரில் மோதினாள். அவள் கடைசியில் கூடத்தில் போய்ப் படுத்தாள். 'சகலை போட்டோவை நிம்மதியாய் விரித்துப் பார்க்கப் போயிருக்கிறாள்' என்று மாஸ்டர் பூட்ஸைப் பார்த்துப் புலம்பினார்.

வேலையும் நின்றது. முட்டி மடங்கினால்தானே மெஷினை மிதிக்க முடியும்? பாவாடை வாங்க வந்த டீச்சர் வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், என் பாவாடை?"

"நாளைக்கு வாங்கம்மா. கால் கொஞ்சம்..."

"காலுக்கு என்ன, அதுதான் பாவாடையை விட நல்லா வந்திருக்கே!"

கடை வாசலில் சிரிப்புக் கேட்டதும் மாஸ்டருக்கு மூக்கு நுனி சிவந்தது. ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. குதிரைப் பேண்ட்டுக்கு இன்னும் துணிகூட வெட்டவில்லை.

பெட்டியின் அடியிலிருந்து கனமான கோட்டுத் துணியை எடுத்தார். மனைவி தொட்டுப் பார்த்தாள்.

"இது அசையாதுங்க. இழுத்தா நீளுற துணியா எடுங்க."

"இழுவைத் துணியா? வெட்டத் தெரியாதவன் கண்டுபிடிச்சது அது. துணி இழுபடக் கூடாது, பார்க்கிறவன் கண்ணு இழுபடணும்."

"சரி, தொடைக்கு உள்பக்கமா தையல் வராமப் பார்த்துக்குங்க. குதிரையில உரசி உரசிப் புண்ணாயிடுமாம்."

"யாரு சொன்னா?"

அவள் பிசிறு நூல் ஒன்றை மும்முரமாகத் தேடினாள். "தங்கச்சிதான் சொன்னா."

"உன் தங்கச்சிக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது. அவ எனக்குத் தையல் சொல்லித் தர்றாளா? அந்த வீட்டுல இருந்து இனிமே ஒரு யோசனையும் இங்க வரக் கூடாது!"

வெட்டினார். வெட்டு என்னவோ அருமையான வெட்டு. ஆனால் தைப்பதற்கு மிதிக்க வேண்டுமே? வேறு வழியில்லாமல் தம் சாம்ராஜ்யத்தின் எல்லைக் கோட்டை அவரே அழித்தார்.

"நீ ஸ்டூல்ல உக்காந்து மிதி. மிதிக்க மட்டும் செய். துணியில கை வெக்காதே. துணியை நான் நின்னுக்கிட்டே பிடிச்சுக்கறேன்."

அவள் மிதித்தாள். மெஷின் அன்றைக்கு முரண்டு பிடிக்கவே இல்லை. வளைவு வந்த இடத்தில் தானாகவே வேகம் குறைந்தது. நேர்க்கோட்டில் தானாகவே ஓடியது.

"பரவாயில்லையே! மிதிக்க வருதே உனக்கு."

"பார்த்துப் பார்த்துப் பழகினதுதான்."

"எல்லாம் மெஷின் நல்ல மெஷின்" என்றார் மாஸ்டர்.

பேண்ட் தயாரானது. கண்ணாடிக்கு முன் நின்று இடது காலை விட்டார். பாம்புக்குச் சட்டை போட்டமாதிரி பொருந்தியது. வலது காலைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார்.

குதிரைப் பேண்ட் கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்கிற பேண்ட். முதலில் பேண்ட், அதற்கு மேல் பூட்ஸ். இதுதான் உலக வழக்கம். மாஸ்டருக்கோ பூட்ஸ் ஏற்கெனவே காலில்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். உள்ளே பாத்திரங்கள் குலுங்கினவா, அவள் குலுங்கினாளா என்று சொல்ல முடியாது.

மாஸ்டர் அசருகிற ஆள் இல்லை. பேண்ட்டின் வலது காலைப் பூட்ஸ் விளிம்பு வரும் இடத்தோடு வெட்டினார். வெளிப்பக்கத் தையலை இடுப்பிலிருந்து கீழ்வரை பிரித்தார். தம் தொழிலில் எந்த ஆபத்துக்கும் இருக்கிற ஒரே மருந்தைக் கையில் எடுத்தார்.

"ஹூக்கு வை."

"எங்க?"

"இடுப்புலேருந்து முட்டி வரைக்கும். வரிசையா. ஜாக்கெட்டுக்கு வெக்கிற மாதிரியே."

அவள் பேண்ட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "ஏங்க, குதிரை மேல காலை விரிச்சா இது தாங்குமா?"

"நம்ம கடை ஹூக்கு எந்த ஜாக்கெட்லயாவது தெறிச்சிருக்கா?"

"ஜாக்கெட் போட்டவங்க யாரும் குதிரை ஏறலையே!"

ஞாயிறு வந்தது. சகலை கறுப்புக் கோட்டு போட்டிருந்ததால் மாஸ்டர் சிவப்பைத் தேர்ந்தெடுத்திருந்தார். யாரோ திரைச்சீலைக்குக் கொடுத்து மிஞ்சிய வெல்வெட். அதில் பித்தளைப் பொத்தான்கள். இடது பூட்ஸுக்குள் ஒரு மெத்தைக்குப் போதுமான பஞ்சை அடைத்து அதையும் மாட்டிக்கொண்டார்.

"கிளம்பு" என்றார் மனைவியிடம்.

"நான் வரலைங்க. குதிரைகிட்ட போனா எனக்குத் தும்மல் வரும்."

"எப்பலேருந்து?"

"இப்பலேருந்து."

மாஸ்டருக்கு முகம் விழுந்துவிட்டது. யாருக்காக இவ்வளவும்? "சகலை ஏறினா போட்டோவை விரிச்சுப் பார்ப்பே. நான் ஏறினா தும்முவே. அப்படித்தானே?"

"போட்டோ அனுப்புங்க. விரிச்சுப் பார்க்கறேன்" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சகலையையாவது சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று போன் போட்டார். சகலைக்குத் திடீர்க் காய்ச்சல். "லாயத்துக்குத் தனியாவா போறீங்க? அங்க யார்கிட்டயும் ரொம்பப் பேச்சுக் குடுக்காதீங்கண்ணே" என்றார் சகலை நடுங்குகிற குரலில். பயந்துவிட்டான் என்று மாஸ்டருக்குப் பாதி வயிறு குளிர்ந்தது.

பேருந்து நிறுத்தம் ஒரு பெரிய ஹோட்டலின் வாசலில் இருந்தது. சிவப்பு வெல்வெட்டும் பித்தளைப் பொத்தானுமாய் மாஸ்டர் முட்டியை மடக்காமல் விறைப்பாய் நின்றார். ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் சாவியை மாஸ்டர் கையில் வைத்து, "வெயில்ல நிறுத்தாதே" என்று உள்ளே போனார். அடுத்து வந்த அம்மாள் பெட்டியைக் கொடுத்தாள். மறுத்துப் பேசுவதற்குள் அடுத்த கார் வந்தது. கடைசியில் ஹோட்டலின் நிஜ வாசல்காரர் ஓடி வந்து, "என் வேலைக்கா உலை வெக்கப் பார்க்கறே?" என்று சாவியைப் பிடுங்கினார். அவருடைய கண்ணிலும் பொறாமை எரிந்ததை மாஸ்டர் கவனித்தார். வெல்வெட்டைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

லாயத்தில் வைக்கோல் வாசனையும் சாணி வாசனையும் சரிசமமாக இருந்தன. மைதானத்தில் நாலைந்து பேர் குதிரையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. அவருடைய கண் நேராகத் தொடைக்குப் போனது. அத்தனை தொடையிலும் அதே பேண்ட்! ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. தோல் வைத்த இடத்தில் தையல் எறும்பு வரிசையாக ஓடியது. சகலை ஒருவன் மேல் இருந்த எரிச்சல் இப்போது மைதானம் முழுக்கப் பரவியது. 'ரெடிமேட்காரன் ஊரையே வளைச்சுட்டானே!'

லாயக்காரர் தலைப்பாகைத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். மாஸ்டரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு கீழிருந்து மேல்வரை பார்த்தார்.

"சாருக்கு என்ன தொழில்?"

இந்தப் பேண்ட்களுக்கு நடுவில் டெய்லர் என்று சொல்ல மாஸ்டருக்கு நா எழவில்லை. "ஏற்றுமதி" என்றார். "இன்சூரன்ஸ்காரர் ஒருத்தர் இங்க ஏறுவாரே, அவர் குதிரையைக் கொண்டாங்க."

குதிரை வந்தது. படத்தில் சின்னதாகத் தெரிந்த குதிரை நேரில் இரண்டு மாடி உயரம் இருந்தது. லாயக்காரர் படி வைத்த மர மேடை ஒன்றை இழுத்துப் போட்டார்.

"இது எதுக்கு?"

"இதுல நின்னு ஏறினா சுலபம் சார்."

"இன்சூரன்ஸ்காரர் இதுல நின்னா ஏறினார்?"

"ஆமா சார். எல்லாருமே..."

"அப்ப எடுத்துடுங்க."

போனை லாயக்காரரிடம் கொடுத்தார். "நான் மேல போனதும் எடுங்க. முகம் வராட்டியும் பரவாயில்லை. பேண்ட் நல்லா விழணும்."

இடது காலைத் தூக்கி அங்கவடியில் வைத்தார். 'ஹுக்' என்று ஓர் எம்பு எம்பினார். மாஸ்டர் மேலே போனார். கால் பூட்ஸுக்குள்ளிருந்து வெளியே வந்தது. பூட்ஸ் மட்டும் பஞ்சைக் கக்கிக்கொண்டு அங்கவடியிலேயே மரியாதையாக நின்றது. எம்பிய வேகத்தில் வலது காலைக் குதிரைக்கு அந்தப் பக்கம் வீசினார். மடங்காத அந்தக் கால் கதவைச் சாத்துகிற தாழ்ப்பாள்போல் போய்க் குதிரையின் பின்பக்கத்தில் இடித்து நின்றது.

அப்போதுதான் முதல் ஹூக்கு தெறித்தது.

அது குதிரையின் காதோரம் பறந்தது. குதிரை திரும்பிப் பார்த்தது. இரண்டாவது லாயக்காரரின் தலைப்பாகையில் பட்டது. அதற்குப் பிறகு வரிசை எதுவும் இல்லை. கடாயில் கடுகு பொரிகிற மாதிரி பொரிந்துகொண்டே போனது. கடைசி ஹூக்கு போனதும், அசையாத கோட்டுத் துணிக்கு வேறு போக்கிடம் இல்லாமல், உட்காருகிற இடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை டர்ரென்று கிழிந்தது. மைதானத்தில் சுற்றியவர்கள் எல்லாரும் குதிரையை நிறுத்தினார்கள்.

மாஸ்டர் சேணத்துக்குக் குறுக்கே, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி, தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் தொங்கினார்.

"போட்டோ எடுத்துடட்டுமா சார்?" என்றார் லாயக்காரர்.

"வேண்டாம்!"

"பேண்ட் நல்லா விழுந்திருக்கு சார்."

"வேண்டாம்யா! முதல்ல என்னை இறக்கு!"

லாயக்காரர் இறக்கினார். குதிரைக்குப் போர்த்துகிற கம்பளியை எடுத்து மாஸ்டரின் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். மர மேடையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, கிழிந்து தொங்கிய துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "ச்சொ ச்சொ" என்றார்.

"எந்த டெய்லர் சார் இதைத் தெச்சான்? ஹூக்கெல்லாம் வெச்சிருக்கான் படுபாவி!"

மாஸ்டர் ஒரு வாய் தண்ணீரை மெதுவாக விழுங்கினார். வாழ்நாள் முழுக்க எதைச் சபித்தாரோ, அதையே கடைசியில் சொன்னார்.

"ரெடிமேட்."

"அதானே பார்த்தேன்! ரெடிமேடை நம்பி யாராச்சும் குதிரை ஏறுவாங்களா? இங்க சுத்தறாங்களே, இவங்க யாரும் கடையில வாங்கறதே இல்லை. எல்லாம் அளவு குடுத்துத் தெச்சது. இன்சூரன்ஸ் சாரோடதுதான் முதல் பேண்ட். அதைப் பார்த்துட்டு எல்லாரும் வரிசையில நின்னுட்டாங்க. ஒரே ஒரு அம்மா கை வேலை சார் இது அத்தனையும்."

மாஸ்டர் கம்பளியோடு எழுந்து நின்றார். சகலையின் மேல் இருந்த பொறாமை ஒரே நொடியில் இறங்கி, முகம் தெரியாத அந்தத் தையல்காரியின் மேல் ஏறி உட்கார்ந்தது. தம் ஊரில், தமக்குத் தெரியாமல், தம்மைவிட நன்றாகத் தைக்கிற ஒருத்தியா? அவளுக்கா தம் பெண்டாட்டி வாயால் அந்தப் பாராட்டு?

"யாருய்யா அந்த அம்மா? கடை எங்க இருக்கு? சொல்லு, இப்பவே போய் ஒரு பார்வை பார்த்துட்டு வர்றேன்!"

"கடையெல்லாம் கிடையாது சார். மருந்துக்கடைக்கு எதிர்ல லேடீஸ் டெய்லர் மாஸ்டர் ஒருத்தர் இருக்காராமே, அவரோட சம்சாரம்தான். ஆனா இப்பப் போகாதீங்க, மத்தியானமாப் போங்க. மாஸ்டர் சாப்பிட்டுப் படுத்து விடுற குறட்டையில மெஷின் ஓடற சத்தம் வெளியவே கேக்காதாம்!"